சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு: வாசகர் கேள்விகள்

சப்வெர்ஷனும் கிட்டும், புரோகிராம் கோடில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காக்கும் மென்பொருள்கள். பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்; எல்லாம் சேர்ந்திருக்கும் களஞ்சியம் ரெப்போ.

கேள்வி: பன்னிரண்டு வருடப் புராஜெக்ட். பழைய வரலாற்றை விட்டுவிட்டு, இன்றைய கோடை மட்டும் கிட்டில் ஏற்றினால் போதாதா?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒருமுறை ஒரு பில்லிங் புரோகிராமில், மொத்தத் தொகையிலிருந்து ஒரு பைசாவைக் கழிக்கும் வரி இருந்தது. தப்பு என்று நினைத்து அழிக்கப் போனேன். பிளேம் (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தால், எட்டு வருடம் முந்தைய கமிட்: "வங்கி ஃபைலில் 1 பைசா கூடுதலாக வருகிறது, அவர்கள் மாற்ற மாட்டார்களாம்." எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம். அந்தக் காரணம் வேறெங்கும் எழுதப்படவில்லை.

பைத்தான் மொழியின் கோட் 2011இல் சப்வெர்ஷனிலிருந்து மெர்க்யூரியல் என்ற அதே வகை மென்பொருளுக்கும், 2017இல் அங்கிருந்து கிட்டுக்கும் வந்தது. இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் 1990ஆம் வருடக் கமிட்டுகளை இன்றும் அதில் பார்க்கலாம்.

கேள்வி: கிட்-எஸ்விஎன் (சப்வெர்ஷன் வரலாற்றைக் கிட்டுக்குக் கொண்டுவரும் கருவி) மூலம் மாற்றும்போது பாதியில் நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் ஆத்தர்ஸ் ஃபைல்தான் காரணம். சப்வெர்ஷன் கமிட்டில் வெறும் யூசர்நேம்தான் இருக்கும். கிட்டுக்குப் பெயரும் மின்னஞ்சலும் வேண்டும். அதனால் ஒவ்வொரு யூசர்நேமுக்கும் ஒரு வரி எழுதிக் கொடுக்கிறோம். பட்டியலில் ஒரே ஒருவர் விட்டுப்போனாலும், அவருடைய கமிட் வரும் இடத்தில் வேலை நின்றுவிடும். இப்போது இருப்பவர்களின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. சப்வெர்ஷன் லாகிலிருந்து எல்லாப் பெயர்களையும் எடுங்கள். சப்வெர்ஷனுக்கு முந்தைய சிவிஎஸ் மென்பொருள் காலத்து ரெப்போ என்றால் 'நோ ஆத்தர்' என்றுகூட வரும். அதற்கும் ஒரு வரி வேண்டும்.

அப்புறம், டேக்குகள் (வெளியீடு போன்ற ஒரு கட்டத்தைக் குறிக்கும் பெயர்கள்) எல்லாம் பிரான்ச்சுகளாகத்தான் (வேலை தொடரும் கிளைகளாக) வந்து சேரும். அவற்றை நிஜ டேக்குகளாக மாற்றிவிட்டு, சர்வருக்குப் புஷ் செய்யுங்கள்.

கேள்வி: பழைய பக் ரிப்போர்ட்டுகளில் "ஆர்4512இல் சரிசெய்யப்பட்டது" என்றெல்லாம் இருக்கிறது. இனி எப்படித் தேடுவது?

சப்வெர்ஷனில் ஒவ்வொரு கமிட்டுக்கும் ஆர்4512 போல வரிசை எண் உண்டு. கிட்டில் அது கிடையாது, எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான அடையாளமான ஹாஷ்தான். ஆனால் கிட்-எஸ்விஎன் ஒவ்வொரு கமிட் செய்தியின் கடைசியிலும் பழைய எண்ணைச் சேர்த்துவிடும். செய்தி சுத்தமாக இருக்கட்டும் என்று அந்த எண்ணைச் சேர்க்காமல் விடும் 'நோ-மெட்டாடேட்டா' ஆப்ஷனைப் பலர் போடுகிறார்கள். உங்களைப் போல எண்களைக் குறித்துவைத்திருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. ஜிசிசி கம்பைலர் 2020 ஜனவரியில் கிட்டுக்கு மாறியபோது, பழைய எண்களைக் கமிட் செய்திகளிலேயே வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: ரெப்போவில் பெரிய வீடியோ, ஜிப் ஃபைல்கள் இருக்கின்றன. பிறகு அழித்துக்கொள்ளலாமா?

இப்போதே எடுத்துவிடுங்கள். கிட்டில் க்ளோன் செய்யும் (ரெப்போவைத் தன் கணினிக்கு நகலெடுக்கும்) ஒவ்வொருவரும் முழு வரலாற்றையும் இறக்குகிறார்கள். சாதாரணமாக அழித்த ஃபைலும் வரலாற்றில் இருக்கும். 100 எம்பியைத் தாண்டிய ஃபைலை, கிட் ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் ஏற்காது. பின்னால் வரலாற்றிலிருந்து நீக்கினால் அந்த இடத்திலிருந்து ஹாஷ்கள் எல்லாம் மாறும், எல்லோரும் மறுபடி க்ளோன் செய்ய வேண்டிவரும். தேவையான பெரிய ஃபைல்களுக்கு, அவற்றை வரலாற்றுக்கு வெளியே தனியாக வைக்கும் எல்எஃப்எஸ் இருக்கிறது.

கேள்வி: கொஞ்ச நாள் இரண்டையும் ஓட்டலாமா?

வேண்டாம். ஒத்திகை எத்தனை முறை வேண்டுமானாலும் பாருங்கள். மாறும் நாள் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை சப்வெர்ஷனில் ப்ரீ-கமிட் ஹுக் (கமிட் ஏற்கப்படும் முன் ஓடும் சிறு புரோகிராம்) ஒன்றைப் போட்டு எழுதுவதைத் தடுத்துவிடுங்கள். புதிய ரெப்போவின் முகவரி அந்த ஹுக்கின் எரர் செய்தியிலேயே இருக்கட்டும். திங்கள்கிழமை காலை பழக்கதோஷத்தில் கமிட் செய்பவருக்கு அங்கேயே வழி தெரிந்துவிடும்.