சீன வகுப்புக்கு ஒரு பெயர்

கேள்வி: மகள் மாலினி சீன மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சீனப் பெயர் ஒன்று வேண்டுமாம். நாங்களே வைக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: தாராளமாக. ஆனால் உச்சரிப்பை அப்படியே எழுத்தெழுத்தாக மாற்றாதீர்கள். நீண்டு, செய்தித்தாளில் வரும் வெளிநாட்டவர் பெயர் மாதிரி ஆகிவிடும். முதலில் குடும்பப் பெயர், பெரும்பாலும் ஒரே எழுத்து. பிறகு இடுபெயர், ஒன்று அல்லது இரண்டு எழுத்து. மொத்தம் மூன்றுக்குள் முடியட்டும்.

'மா' அங்கே பரவலான குடும்பப் பெயர், எழுத மூன்றே கோடுகள். சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கமான தொனி மாறினால் பொருளும் மாறும்; இதை மூன்றாம் தொனியில் சொல்ல வேண்டும். முதல் தொனியில் சொன்னால் அம்மா! அதோடு 'லின்' சேர்க்கத் தோன்றும். வேண்டாம். மா லின், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வென்ற ஆண் வீரர். வகுப்பே சிரிக்கும். 'மா லிநி' பொருந்தும்: லி அழகு, நி சிறுமி. மூன்றும் சேர்ந்து 18 கோடுகள்தான், எழுதக் கை வலிக்காது.

முடிவு செய்யுமுன் சீனரான ஒருவரிடம் வேகமாகச் சொல்லிக் காட்டுங்கள். ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்கள் அம்மொழியில் ஏராளம்; வசவோ கேலியோ ஒளிந்திருந்தால் அவர் காதில்தான் விழும். எச்எஸ்கே என்னும் சீன மொழித் திறன் தேர்வுக்குப் பதியும்போது மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே தர வேண்டும்.