ஏர்பஸ்ஸா, போயிங்கா? விமானியாக விரும்பும் மகளின் தந்தைக்கு

வணக்கம் ஐயா,

ஏர்பஸ் விமானத்துக்குப் பயிற்சி எடுப்பதா, போயிங்குக்கு எடுப்பதா என்று உங்கள் மகள் கேட்கிறார். எல்லாம் தானியங்கி ஆகிவிட்டால் விமானி வேலையே இருக்குமா என்பது உங்கள் கவலை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. மகளின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

எந்த விமானத்தை ஓட்டுவது என்பதைப் புதிதாக வேலைக்குச் சேரும் விமானி தீர்மானிப்பதில்லை. நிறுவனம் எதை வைத்திருக்கிறதோ, எதற்கு ஆள் தேவையோ, அதில்தான் உட்கார வேண்டும். பணிமூப்பு வந்த பிறகுதான் விருப்பம் சொல்லும் வாய்ப்பு வரும். ஆனாலும் விமானிகள் தங்கள் விமானங்களை ஒப்பிட்டுப் பேசுவதை மகள் விழுந்து விழுந்து படிக்கிறார் என்றால் தடுக்காதீர்கள். அந்த வேலை உள்ளே எப்படி இருக்கும் என்பது அந்தப் பேச்சில்தான் தெரியவரும்.

வசதி என்று வந்தால் ஏர்பஸ் ஏ320 விமானிகள் முதலில் சொல்வது அந்தச் சின்ன மேசையைத்தான். கட்டுப்பாட்டுக் குச்சி பக்கவாட்டில் இருப்பதால் முன்னால் இடம் காலி. மேசையை இழுத்து வைத்து நிம்மதியாகச் சாப்பிடலாம், எழுதலாம். போயிங் 737 முதன்முதலில் 1967-இல் பறந்தது. எத்தனையோ முறை புதுப்பித்தும் அதன் காக்பிட் (விமானி அறை) இன்னும் குறுகல்தான், இரைச்சலும் அதிகம். முழங்காலுக்குப் பக்கத்தில், விமானத்தின் மூக்கைச் சமநிலையில் வைக்கும் ட்ரிம் சக்கரம் கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கும். 2011-இல் சேவைக்கு வந்த போயிங் 787, 2015 தொடக்கத்தில் வந்த ஏர்பஸ் ஏ350 இரண்டும் வேறு தலைமுறை. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். இவற்றில் அது 6,000 அடி அளவோடு நிற்கும். நீண்ட பயணத்தின் முடிவில் உடம்பு அந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

ஆனால் என்னைக் கேட்டால், இருக்கையைவிட ரோஸ்டர் என்னும் பணி அட்டவணைதான் விமானியின் உடம்பைத் தீர்மானிக்கிறது. சௌகரியமான பெரிய விமானம் என்றால் இரவு முழுக்க விழிப்பு, நேர மண்டலம் தாண்டித் தாண்டித் தூக்கக் கோளாறு, தொடர்ந்து சில நாள் வீட்டைப் பிரிந்திருப்பது எல்லாம் சேர்ந்தே வரும். இடுக்கமான சிறிய விமானத்தில் ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். அலுப்புதான், ஆனால் இளம் விமானிக்குக் கை பழகுவது அங்கேதான். இதை மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

அப்புறம், தானியங்கி விஷயம். 1988-இல் சேவைக்கு வந்த ஏ320-தான் டிஜிட்டல் ஃப்ளை பை வயர் முறையில் இயங்கிய முதல் பயணிகள் விமானம். குச்சியை அசைத்தால் கணினி அதைப் படித்து இறக்கையின் பாகங்களை நகர்த்தும். இயல்பு நிலையில் 67 பாகைக்கு மேல் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கவே விடாது. 1995-இல் வந்த போயிங் 777-உம் ஃப்ளை பை வயர்தான், ஆனால் அதன் போக்கு வேறு. சாய்வு 35 பாகை தாண்டினால் யோக், அதாவது விமானி முன்னால் உள்ள ஸ்டீயரிங் போன்ற பிடி, கனத்துக்கொண்டே போகும். தேவை என்று விமானி நினைத்தால் அழுத்திக் கடக்கலாம். போயிங்கில் ஒரு விமானி யோக்கைத் திருப்பினால் மற்றவர் முன்னால் இருப்பதும் திரும்பும், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தானாக நகர்வதும் கண்ணுக்குத் தெரியும். ஏர்பஸ்ஸில் இரண்டு குச்சிகளும் சேர்ந்து அசையாது. எஞ்சின் வேகம் மாறினாலும், த்ராட்டிலைப் போன்ற த்ரஸ்ட் லீவர் வைத்த இடத்திலேயே இருக்கும். திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எது மேல்? இரண்டு பக்கமும் உயிர்கள் போயிருக்கின்றன, ஐயா. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447, ஒரு ஏர்பஸ் ஏ330. வேகம் அளக்கும் குழாய்களில் பனி அடைத்து ஆட்டோபைலட் விலகியது. விமானத்தின் மூக்கு மேலே தூக்கும்படி ஒரு விமானி குச்சியைப் பின்னால் இழுத்தபடியே இருந்தது மற்றவர்களுக்கு உரிய நேரத்தில் புரியவில்லை; 228 பேர் இறந்தனர். 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 தரையிறங்கும்போது, த்ராட்டில் தானாக வேகத்தைக் காக்கும் என்று விமானிகள் நம்பினார்கள். அது அப்போது அந்த வேலையைச் செய்யாத நிலைக்குப் போயிருந்தது. மூன்று பேர் இறந்தனர். 2018, 2019-இல் இரண்டு 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்து 346 பேர் இறந்ததற்கு முக்கியக் காரணமான, விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளும் எம்காஸ் அமைப்பைப் பற்றி, முதல் விபத்து வரை விமானிகளிடம் சொல்லவே இல்லை. மகள் இந்த விசாரணை அறிக்கைகளைப் படிக்கட்டும். பயமுறுத்த அல்ல. ‘இந்த நொடியில் இயந்திரம் என்ன செய்துகொண்டிருக்கிறது?’ என்று விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் இன்றைய விமானியின் வேலை என்பது அவற்றைப் படித்தால் உறைக்கும்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் காக்பிட்டில் நேவிகேட்டரும் ரேடியோ ஆபரேட்டரும் ஃப்ளைட் எஞ்சினியரும் இருந்தார்கள்; இன்று இரண்டு விமானிகள் மட்டும்தான். பயணத்தின் நடுப்பகுதியில் ஒருவரே போதும் என்ற யோசனையும் எழுந்தது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அதை ஆராய்ந்தது. இரண்டு பேர் இருக்கும்போது கிடைக்கும் பாதுகாப்புக்கு அது இணையாக இருக்கும் என்று இப்போதைய காக்பிட்டுகளை வைத்துக் காட்ட முடியவில்லை என்று 2025-இல் சொன்னது. மகளின் பணிக்காலத்தில் வேலை மாறும்; மறையும் என்று நான் நினைக்கவில்லை. மாறும் வேலைக்கு ஏற்ற பயிற்சிதான் முக்கியம்.

அதனால் பயிற்சிப் பள்ளியைப் பார்க்கப் போகும்போது விமானங்களின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மாணவர் கையால் ஓட்டும் நேரம் எவ்வளவு, பயிற்றுநர்கள் பாதியில் மாறுகிறார்களா, விமானம் பழுதாகி மாணவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடமே கேளுங்கள். கையால் ஓட்டும் பழக்கம் மங்குகிறது என்று அமெரிக்க விமானத் துறை நிர்வாகமே 2013-இல் நிறுவனங்களை எச்சரித்தது.

இன்னொன்று, பணம் சம்பந்தப்பட்டது. வணிக விமானி உரிமம் கிடைத்த கையோடு, வேலை உறுதியாகும் முன்பே, சொந்தச் செலவில் ஏ320 அல்லது 737 டைப் ரேட்டிங் எடுக்கச் சொல்வார்கள். பொறுங்கள். அது அந்த ஒரு விமான வகைக்கு மட்டுமான தகுதி. குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டாமல் சும்மா வைத்திருந்தால் மங்கிவிடும். எந்த நிறுவனம் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவு செய்தால் போதும்.

இதற்கெல்லாம் முன்னால், விமானிகளுக்கான முதலாம் வகுப்பு (கிளாஸ் 1) மருத்துவப் பரிசோதனை. அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.