மறைந்த குருவின் அரேஞ்ச்மென்ட்களை அஞ்சலி ஆல்பமாக வெளியிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேட்டவர் புதுச்சேரியில் ஒரு பேண்டு குழுவைச் சேர்ந்தவர். அவர்களுடைய ஆசிரியர் பழைய சினிமாப் பாட்டுகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் பேண்டு வாத்தியத்துக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போன அரேஞ்ச்மென்ட்களை ரெக்கார்ட் செய்து, அவர் நினைவாக ஓர் ஆல்பம் போட நினைக்கிறார்கள். "அரேஞ்ச்மென்ட் எங்கள் சாருடையது, குடும்பத்தார் சரி என்றுவிட்டார்கள், பாட்டெல்லாம் ஐந்து வருடத்துக்கு மேல் பழையவை. இது போதும்தானே?" என்பது கேள்வி.

போதாது. நாங்களும் இதே மூன்றை நம்பித்தான் இறங்கினோம். மூன்றுமே பாதி உண்மை.

நான் கடலூரில் கிளாரினெட் வாசிப்பவன், வக்கீல் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்தமாகப் பேண்டு செட் வைத்திருந்தார். அவர் காலமான பிறகு வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே முழுக்க நோட்டுப் புத்தகங்கள். கிளாரினெட்டுக்குச் சிவப்பு மை, டிரம்பெட்டுக்கு நீலம், யூபோனியத்துக்குப் பென்சில். ஓரங்களில் குறிப்புகள் வேறு: "இங்கே மூச்சு", "டிரம்காரன் அவசரப்படுவான், பிடித்து நிறுத்து", ஒரு பாட்டின் கடைசியில் "மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும் வரை ரிப்பீட்". ஆறு பேர் உட்கார்ந்து ஒன்பது பாட்டு தேர்ந்தெடுத்தோம். ஆல்பத்தில் வந்தது ஐந்து.

மீதி நாலு ஏன் போயிற்று என்பதில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது.

நாம் ஒரே பாட்டாகக் கேட்பதைச் சட்டம் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு என்றால் இசை மட்டும்தான். பாடுகிற வரி அதில் சேராது, அது இலக்கியப் படைப்பு. ரெக்கார்டிங் இன்னொரு சொத்து. மெட்டைத் தழுவிப் புதிதாக எழுதும் உரிமை மெட்டின் உரிமையாளருக்கே உண்டு. தழுவல் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், இசையைப் பொறுத்தவரை அரேஞ்ச்மென்ட் செய்வதும் வேறு வாத்தியத்துக்கு மாற்றி எழுதுவதும் தழுவல்தான் என்று சட்டம் நேரடியாகவே சொல்லிவிடுகிறது. ஆக, மாஸ்டர் இரண்டாம் சரணத்துக்கு அடியில் யூபோனியத்துக்கு எழுதிய எதிர்மெட்டு, அதாவது பாட்டின் மெட்டோடு சேர்ந்து ஓடும் இன்னொரு மெட்டு, அவருடைய மூளையில் பிறந்ததுதான். ஆனால் அது வாடகை வீட்டில் சொந்தக் காசில் அடித்த பரண் மாதிரி. வீட்டுக்காரரைக் கேட்காமல் பரணை மட்டும் வேறொருவருக்கு விட முடியாது.

இன்னொன்று, எழுதியதெல்லாம் அரேஞ்ச்மென்ட் ஆகிவிடாது. பாடகரின் சுருதியிலிருந்து கிளாரினெட்டுக்குத் தோதான சுருதிக்கு மாற்றி எழுதுவதில் உழைப்பு உண்டு, படைப்பு இல்லை. வெறும் உழைப்பு போதாது, கொஞ்சமாவது படைப்புத்திறன் தெரிய வேண்டும் என்று 2007ல் உச்ச நீதிமன்றம் சட்டத் தீர்ப்பு நூல்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சொன்னது. நோட்டுகளைப் புரட்டும்போது இந்தக் கண்ணோடு பாருங்கள். எங்கள் மாஸ்டர் நோட்டிலேயே பாதி, நேர் நகல்தான். அதைச் சொல்ல எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

சரி, அந்த ஐந்து வருடக் கதைக்கு வருவோம். இது 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு. முதல் ரெக்கார்டிங் வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் கழித்து, உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, ராயல்டியையும் முன்பணமாகக் கட்டினால், கவர் வெர்ஷன், அதாவது அதே பாட்டின் புது ரெக்கார்டிங், போடலாம். அவர் சம்மதம் தேவையில்லை. கேட்க நன்றாக இருக்கிறதா? உள்ளே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். நம் ஆல்பத்தை ஐந்நூறு பேர் முழுதாகக் கேட்டால் அதுவே திருவிழா. அதைவிட முக்கியம், இசையில் மாற்றம் செய்யக் கூடாது. உரிமையாளர் ஏற்கெனவே செய்த, அல்லது அவர் சம்மதத்தோடு செய்த மாற்றமாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் ரெக்கார்டிங்குக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தவிர்க்க முடியாததாக இருக்க வேண்டும். உங்கள் ஆல்பத்தின் உயிரே சார் செய்த மாற்றங்கள்தான். அந்தப் பிரிவு அடைப்பதும் சரியாக அந்தக் கதவைத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தப் பிரிவின்படி வெளியிட்டால், முந்தைய ரெக்கார்டிங்கில் பாடியவர், வாசித்தவர் பெயரோ படமோ உறையில் வரக் கூடாது. நாளைக்கே யாராவது ஒரு பாடகருக்கு அஞ்சலியாக அவருடைய பாட்டுகளை இந்த வழியில் வெளியிட்டால், யாருக்கு அஞ்சலியோ அவர் பெயரை உறையில் போட முடியாது!

இணையத்தில் தேடினால் வேறு மாதிரி படிப்பீர்கள். குழுவின் பாணிக்கு ஏற்ப அரேஞ்ச்மென்ட் செய்துகொள்ளலாம், அடிப்படை மெட்டை மட்டும் கெடுக்காதே என்று இருக்கும். அது அமெரிக்கச் சட்டம். எங்கள் கீபோர்டுக்காரர் அதை அச்சடித்துக்கொண்டு வந்து இரண்டு ரிகர்சலை வாக்குவாதத்திலேயே தீர்த்தார்.

ஆகவே செய்ய வேண்டியது பாட்டுகளைத் தரம் பிரிப்பது. மனசுக்குப் பிடித்த வரிசையில் இல்லை, மெட்டுப் போட்டவர் காலமான வருட வரிசையில். நம் நாட்டில் படைத்தவர் இறந்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி 1லிருந்து 60 வருடம் உரிமை இருக்கும். படத் தயாரிப்பாளரோ கம்பெனியோ உரிமையை வாங்கியிருந்தாலும் கணக்கு படைத்தவர் ஆயுளை வைத்துத்தான். ஜி. ராமநாதன் 1963ல் காலமானார். அவர் மெட்டுகள் 2024 பிறந்ததும் பொதுச்சொத்து ஆகிவிட்டன. சி.ஆர். சுப்பராமன் 1952லேயே போய்விட்டார், அவருடையவை 2013லிருந்து. இருவர் சேர்ந்து போட்டிருந்தால் கடைசியாகக் காலமானவரைக் கணக்கில் எடுக்க வேண்டும். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையரில் ராமமூர்த்தி 2013, விஸ்வநாதன் 2015. ஆகவே அவர்கள் சேர்ந்து போட்ட மெட்டுக்கு 2075 முடியும் வரை உரிமை இருக்கிறது. என் பேரன்தான் வாசிக்க வேண்டும்.

டைட்டில் கார்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். பாபநாசம் சிவன் வரி எழுதிய பாட்டுகளில் அவரே மெட்டும் போட்டவை உண்டு. அவர் காலமானது 1973, ஆக 2033 முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு உடனே பாரதிதாசன் நினைவு வரும். அவர் 1964ல் மறைந்தார், கணக்குப்படி 2025லிருந்து வரிகளுக்குத் தடை இல்லை. அதற்கு முன்பே தமிழ்நாடு அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் பேண்டில் வரி ஏது? நீங்கள் ஊதப்போவது மெட்டை, அந்த மெட்டு இன்னொருவருடையது. பாரதி பாட்டுக்கும் இதே கதைதான். 1918ல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகி அவர் இருந்தது எங்கள் கடலூர்ச் சிறையில், அதனால் ஒரு பாரதி பாட்டு வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். பாரதியின் வரிகளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த அந்த மெட்டு பின்னால் வந்த ஒருவர் போட்டது. விட்டுவிட்டோம். போன நாலில் இது ஒன்று.

கீர்த்தனைகளில் இன்னும் நுணுக்கம். திருப்பாவைக்கு யாரிடம் கேட்பது, ஆண்டாளிடமா என்று எங்கள் டிரம்பெட்காரர் சிரித்தார். ஆனால் கச்சேரிகளில் இன்று நாம் கேட்டுப் பழகிய மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. அவர் காலமானது 1967. 2027 முடிந்த பிறகு வாசியுங்கள், ஒருவரும் கேட்க முடியாது. கோபாலகிருஷ்ண பாரதி 1896, அந்தப் பக்கம் கவலை குறைவு. எங்கள் ஐந்தில் இரண்டு அவருடையவை.

உரிமை உள்ள மெட்டு வேண்டுமென்றால் நேரடி அனுமதிதான் வழி. ஐபிஆர்எஸ் என்ற இசை உரிமையாளர்கள் சங்கம் ராயல்டி வசூலிக்கிறது, மேடையில் வாசிக்க லைசென்ஸ் தருகிறது. தழுவி எழுத அனுமதி வேண்டுமென்றால் உரிமை வைத்திருக்கும் கம்பெனியைத்தான் தேடிப் போக வேண்டும். நாங்கள் ஒரு கம்பெனிக்கு மூன்று பாட்டுக்காக எழுதினோம். நாலு மாதம் பதில் இல்லை. பிறகு வந்த பதிலில் இருந்த தொகைக்கு இரண்டு டிரம்பெட்டும் ஒரு சாக்ஸபோனும் வாங்கலாம். அத்தோடு மீதி மூன்றும் போயிற்று. அதில் ஒன்று விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டு, மாஸ்டருக்கு உயிர்.

குடும்ப விஷயத்தில் நாங்கள் வாங்கிய அடி தனி. மாஸ்டரின் மகன் புதுச்சேரியில் இருக்கிறார். "அண்ணே, அப்பா எழுதினதை நீங்க வாசிக்க எதுக்குண்ணே பேப்பரு?" என்றார். இருந்தாலும் 100 ரூபாய் பத்திரத்தில் 'இசைக் குறிப்புகளைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மஞ்சக்குப்பம் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் வக்கீல் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். எத்தனை வருடத்துக்கு? எந்த ஊருக்கு? மற்ற வாரிசுகள் எங்கே? சட்டப்படி காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று அர்த்தம், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆன்லைனில் போட்டால் அது உலகம் முழுக்கப் போகிறதே! எந்தெந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு பணம் அல்லது பணமில்லை என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

வாரிசுகள் என்றால் மாஸ்டரின் மனைவி, மகன், நெய்வேலியில் இருக்கும் மகள். மகளிடம் யாரும் பேசவே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. போனேன். காபி கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை. "அப்பா நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்ததே நான்தான். என்னை யாரும் கேக்கல" என்றார். நிஜம்தான், அந்த ஐந்து கோடுகளை ஸ்கேல் வைத்துப் பக்கம் பக்கமாகப் போட்டவர் அவர். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கி, மூவரும் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தம் தயாராக இரண்டு மாதம் ஆனது. உறையில் மாஸ்டரின் பெயருக்குக் கீழே 'நோட்டுக்குக் கோடிட்டவர்' என்று மகள் பெயரும் வந்தது. அவர் கேட்கவில்லை, நாங்களாகப் போட்டோம்.

உங்கள் சார் எங்கே வேலை பார்த்தார் என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கள் மாஸ்டர் சொந்த செட் வைத்திருந்ததால் சிக்கல் இல்லை. உங்கள் சார் போலீஸ் பேண்டு மாதிரி அரசு வேலையில் இருந்து, அந்த வேலைக்காகவே எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை அரசுக்கு. அப்போது குடும்பத்தாரின் கையெழுத்து மட்டும் செல்லாது. எந்த நோட்டு டியூட்டிக்காக எழுதியது, எது ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு எழுதியது என்று பிரிக்கப் பாருங்கள்.

பாரிஸில் இருக்கும் மாமா யாராவது அங்கே 70 வருடம் என்று பயமுறுத்துவார். எங்களுக்கும் ஒருவர் போன் செய்தார். பிரான்ஸில் 70 உண்மைதான், ஆனால் வெளிநாட்டுப் படைப்பு அதன் சொந்த நாட்டில் உரிமை முடிந்திருந்தால் அங்கேயும் முடிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில்தான் இந்தச் சலுகை இல்லை.

எல்லாம் முடித்து யூடியூபில் ஏற்றிய மூன்றாம் நாள், கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனைக்கு ஒரு கம்பெனியின் உரிமைக்கோரல் வந்து நின்றது. அவர்களிடம் அதே கீர்த்தனையின் ரெக்கார்டிங் ஒன்று இருக்கிறது, மெஷின் மெட்டை ஒப்பிட்டுப் பிடித்துவிட்டது. பயப்பட வேண்டாம். ஆட்சேபம் தெரிவிக்கும் இடத்தில், மூலப் படைப்பு பொதுச்சொத்து, வாசிப்பும் பதிவும் எங்களுடையவை என்று இயற்றியவர் காலமான வருடத்தோடு எழுதுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். எங்களுக்கு 29ஆம் நாள் விடுவித்தார்கள்.

அந்த விஸ்வநாதன் - ராமமூர்த்தி பாட்டு ஆல்பத்தில் இல்லையே என்று மாஸ்டரின் மனைவிக்குக் குறை. அதற்கும் வக்கீல்தான் வழி சொன்னார். மதச் சடங்கில் வாசிப்பது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு, கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டமும் அதில் சேரும். ரெக்கார்ட் செய்து விற்கத்தான் கூடாது. போன தை மாதம் வண்டிப்பாளையத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனோம். அம்மாவும் வந்திருந்தார். மாப்பிள்ளை இறங்க ரொம்ப நேரம் ஆனது, ஏழு ரிப்பீட்.