ஒற்றையா, இரட்டையா: டெல்லி முறை காரைக்குடிக்குச் சரிவருமா?

"டெல்லியில் செய்ததுபோல நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து, ஒற்றைப்படை நாளில் ஒற்றைப்படை வண்டி, இரட்டைப்படை நாளில் இரட்டைப்படை வண்டி என்று காரைக்குடியிலும் விட்டால் நெரிசல் குறையுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாலை ஆறு மணிக்குச் செக்காலை ரோட்டில் மாட்டிக்கொண்டவருக்குத்தான் இப்படி ஒரு கேள்வி வரும். எனக்கும் வந்திருக்கிறது.

குறையாது என்பது என் பதில். டெல்லியில் அந்த முறை நடந்த மூன்று தடவையும் நான் அங்கே கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நான்கு வருடமாகக் காரைக்குடியில் இருக்கிறேன். இரண்டு ஊர்ச் சாலையும் தெரியும் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு மயூர் விஹாரில். கார் எண் ஏழில் முடியும். 2016 ஜனவரி 1 முதல் 15 வரை முதல் சோதனை. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு விடுமுறை, மீறினால் 2000 ரூபாய் அபராதம். விதி இவ்வளவுதான். விலக்குப் பட்டியல்தான் நீளம். இருசக்கர வாகனங்களுக்கு விலக்கு. எரிவாயுவில் ஓடும் கார்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டினால் விலக்கு. பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு விலக்கு. பெண் தனியாக ஓட்டினால் விலக்கு. கூடப் பெண்களோ பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளோ இருக்கலாம், வளர்ந்த ஆண் மட்டும் இருக்கக் கூடாது.

ஜனவரி 4, திங்கட்கிழமை, முதல் முழு வேலைநாள். இரட்டைப்படைத் தேதி. பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாத பனி. என் கணவர் பழக்க தோஷத்தில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டார். அவர் உட்கார்ந்திருந்தால் வண்டி குற்றவாளி, இறங்கிவிட்டால் அதே வண்டி அதே சாலையில் யோக்கியமான வண்டி. மெட்ரோ வாசலில் அவரை இறக்கிவிட்டேன். மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, கையில் டிபன் பாத்திரத்தோடு, கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் கிடைக்காதவர் போல நின்றார். நான் நிஜாமுதீன் பாலம் நோக்கிப் போனேன். சிக்னலில் ஒரு தன்னார்வலர், கல்லூரிப் பையன், கையில் ரோஜாப்பூக் கட்டோடு குனிந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தான். விதியை மீறியவர்களுக்குப் பூக் கொடுத்து வெட்கப்பட வைப்பதாக ஏற்பாடு. என் வண்டியில் ஆண்கள் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பூவைக் கொடுக்காமல் ஒரு கும்பிடு போட்டான்.

அன்றிரவு ஊரிலிருந்து ஆத்தா தொலைபேசியில் கேட்டார்கள்: "ஒற்றையா இரட்டையா விளையாடுகிறீர்களாமே, அரசாங்கமே நடத்துகிறதாமே?" வீட்டு உள்முற்றமான வளவில் உட்கார்ந்து புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நாங்கள் சின்ன வயதில் ஆடிய ஆட்டம். அதில் என் தம்பி எப்போதும் ஜெயிப்பான். விரலிடுக்கில் ஒரு கொட்டையை ஒளித்து வைத்துக்கொண்டு, நாம் ஒற்றை என்றால் இரட்டையாக்கிவிடுவான். ஏன் இதைச் சொல்கிறேன் என்பது ஏப்ரலுக்கு வரும்போது புரியும்.

முதல் பதினைந்து நாள் சாலை நன்றாகத்தான் ஓடியது. மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பதினைந்து நாளும் பள்ளிகளுக்கு விடுமுறை. பள்ளிப் பேருந்துகளை வாடகைக்கு எடுத்துப் பொதுமக்களுக்கு ஓட்டினார்கள். மெட்ரோவும் கூடுதல் நடைகள் ஓடியது. காற்று சுத்தமானதா என்றால், ஜனவரியில் டெல்லிக் காற்று அசையாமல் புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் மகனின் இருமல் கார் எண்ணையெல்லாம் பார்த்து வருவதில்லை.

ஏப்ரல் 15 முதல் 30 வரை இரண்டாவது தடவை. இப்போது பள்ளிகள் திறந்திருந்தன. சீருடையில் பிள்ளை இருக்கும் வண்டிக்கு விலக்கு என்றார்கள். எங்கள் வீட்டில் சட்டென்று மகனின் மதிப்பு ஏறிவிட்டது. அவனை ஏற்றிக்கொண்டால் அவன் அப்பா ஓட்டலாம். பள்ளியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது? வண்டியில் சீருடை இல்லையே! ஊரெல்லாம் இதே கேள்வியைக் கேட்டது. அந்த வாரம்தான் எதிர்வீட்டுக்காரர் காஜியாபாத்தில் இருக்கும் மைத்துனரின் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். அவருடையது நாலில் முடியும், மைத்துனருடையது ஒன்றில். ஜனவரியில் ஒரே காரில் பங்கு போட்டுப் போன நான்கு பேரில் அவரும் ஒருவர். அத்தோடு அந்தக் கூட்டு கலைந்தது. விரலிடுக்குப் புளியங்கொட்டை!

2019 நவம்பரில் மூன்றாவது தடவை, 4 முதல் 15 வரை. அபராதம் 4000. எரிவாயுக் கார்களுக்கு இந்த முறை விலக்கு இல்லை. குரு நானக்கின் 550வது பிறந்தநாளுக்காக நடுவில் இரண்டு நாள் தளர்த்தினார்கள். மகனுக்கு அப்போது பதின்மூன்று. அவனும் ஆண்கள் கட்சிக்குப் போய்விட்டான். அப்பாவும் பிள்ளையும் மெட்ரோவில், நான் மட்டும் ஐந்து பேர் உட்காரும் காரில் ஒற்றை ஆளாக. காற்றில் புகையைக் குறைக்க வந்த விதி, இரட்டைப்படை நாள்களில் எங்கள் வீட்டுக் காரிலிருந்து ஆள்களை இறக்கியதே தவிர, காரைச் சாலையிலிருந்து இறக்கவில்லை.

டெல்லிக்கு முன்பே மெக்சிகோ நகரத்தில் இப்படி ஒரு முறை 1989 நவம்பரில் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள், எண்ணைப் பொறுத்து, வண்டி வீட்டில் நிற்க வேண்டும். குளிர்காலத்துக்கு மட்டும் என்று தொடங்கி நிரந்தரமாகிவிட்டது. பொருளாதார அறிஞர் லூகாஸ் டேவிஸ் 2008இல் வெளியிட்ட ஆய்வில், காற்று மேம்பட்டதற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை. வண்டிகளின் மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது, அதிலும் பழைய வண்டிகள் அதிகம் சேர்ந்திருந்தன. எங்கள் எதிர்வீட்டுக்காரர் பதினைந்து நாளில் செய்ததை அந்த ஊர் வருடக்கணக்கில் செய்திருக்கிறது. பெய்ஜிங் 2008 ஒலிம்பிக்குக்காக ஒற்றை இரட்டை வைத்தது, பிறகு வாரத்துக்கு ஒரு நாள் என்று மாற்றிக்கொண்டது. கடைசியில் 2011 முதல் புது நம்பர் பிளேட்டையே குலுக்கல் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. பாரிஸ் 2014 மார்ச் 17 அன்று வைத்து, மறுநாளே எடுத்துவிட்டது. அப்போது பேருந்து, ரயில் எல்லாம் இலவசம். மூச்சு முட்டும் ஒரு நாளுக்கு இது சரியான மருந்துதான். தினம் மூன்று வேளை சாப்பிடும் மருந்தல்ல.

இன்னொரு கணக்கு. நான் கணக்கெழுதிப் பிழைப்பவள், விட மனமில்லை. 31ஆம் தேதிக்கு அடுத்த நாள் 1. இரண்டும் ஒற்றைப்படை. வருடம் முழுவதும் இந்த விதி இருந்தால் 365 நாளில் 186 ஒற்றைப்படை, 179 இரட்டைப்படை. ஏழில் முடியும் காருக்கு வருடத்துக்கு ஏழு நாள் லாபம். டெல்லியில் முறை வைத்த தேதிகளில் எதிலும் மாதக் கடைசி 31 வரவில்லை, அதனால் இந்த வழக்கு யாருக்கும் எழவில்லை.

சரி, காரைக்குடி. கல்லுக்கட்டியில் கொப்புடைநாயகி அம்மன் கோயில் பக்கம் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள். போகிற வண்டிகளில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனம். டெல்லியில் அவற்றைப் பிடித்தால் அத்தனை பேரையும் ஏற்றப் பேருந்து கிடையாது என்றுதான் விட்டார்கள். இங்கே பிடித்தால்? பள்ளத்தூரிலிருந்தோ கானாடுகாத்தானிலிருந்தோ வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஸ்கூட்டி இல்லாத நாளில் என்ன வழி என்று யோசியுங்கள். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். இருசக்கர வாகனங்களையும், பஸ்ஸையும், ஆட்டோவையும், சரக்கு வண்டியையும் விட்டுவிட்டால், மீதி இருக்கும் கார்களில் பாதியை நிறுத்தி என்ன மிச்சம்?

நம் ஊரில் ஓடுகிற வண்டியால் வரும் நெரிசலைவிட நிற்கிற வண்டியால் வரும் நெரிசல்தான் அதிகம். மளிகைக் கடை வாசலில் குட்டியானை மூட்டை இறக்குகிறது. அதற்கு எதிர்ப்புறம் ஒருவர் காரை நிறுத்திவிட்டு நகைக்கடைக்குள் போயிருக்கிறார். நடுவில் இருக்கும் சந்தில் இரண்டு பக்கத்து ஆட்டோக்களும் மூக்கை நுழைத்துவிட்டன. இதில் யார் எண் ஒற்றை, யார் எண் இரட்டை என்று பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதோடு நம்மவர்கள் எண்ணைக் கூட்டுத்தொகை பார்த்து வாங்குகிறவர்கள். நம் சிவகங்கை மாவட்ட வண்டிகளின் பதிவு எண்ணில் 63 என்று கொடுத்ததே ஒன்பது வரட்டும் என்றுதான் என்று நம்புகிற ஒருவரை எனக்குத் தெரியும். என் அம்மான் மகன், நான் அயித்தான் என்று கூப்பிடுகிறவர், மூன்று கார் வைத்திருக்கிறார். மூன்றுக்கும் 3636 என்றே பணம் கட்டி எண் வாங்கியிருக்கிறார். ஒற்றை இரட்டை வந்தால் பாவம், மூன்றும் ஒரே நாளில் ஷெட்டில் படுத்துவிடும். ஆனால் கவலைப்பட மாட்டார். நாலாவதாக 4545 வாங்கிவிடுவார், அதற்கும் கூட்டுத்தொகை ஒன்பதுதான். நம் வீடுகளும் அதற்குத் தோதாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன: முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்வாசலில் ஒற்றை, பின்வாசலில் இரட்டை.

ஒற்றை இரட்டை என்ற யோசனையை முழுதாகத் தூக்கிப் போட வேண்டாம். வண்டியின் எண்ணுக்கு வைப்பதைத் தெருவின் ஓரத்துக்கு வைக்கலாம். புனேயில் பல தெருக்களில் இது இருக்கிறது. ஒற்றைப்படைத் தேதியில் தெருவின் ஒரு பக்கம் நிறுத்தலாம், இரட்டைப்படைத் தேதியில் மறுபக்கம். பலகையில் பி1, பி2 என்று எழுதியிருக்கும். இதில் இரண்டாவது கார் வாங்கித் தப்பிக்க முடியாது. பெண்ணா ஆணா, சீருடை இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. போலீஸ்காரர் தெருமுனையில் நின்று ஒரு பார்வை பார்த்தால் தவறான பக்கம் நிற்கிற வண்டி தெரிந்துவிடும். எந்தக் கடைக்காரருக்கும் தன் வாசல் மட்டும் பறிபோயிற்று என்ற குறை வராது, இன்று எனக்கு, நாளை உனக்கு. கூடவே சரக்கு இறக்குவதைக் காலை ஒன்பதுக்குள் முடிக்கச் சொன்னால் செக்காலை ரோடு மூச்சு விடும். ஸ்கூட்டருக்கும் இதே விதி பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் காலியான பக்கத்தை அவை நிரப்பிவிடும்.

காசு வாங்குகிற வழியும் உண்டு. சிங்கப்பூர் 1975இல் நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்களுக்கு நாளுக்கு மூன்று வெள்ளி, அதாவது மூன்று சிங்கப்பூர் டாலர், கட்டணம் வைத்தது. நம் செட்டியார்கள் வட்டிக்கடைக் கிட்டங்கி வைத்திருந்த மார்க்கெட் தெருவும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. நான்கு பேர் ஏறியிருந்தால் கட்டணம் இல்லை. உடனே பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களை ஏற்றி ஆள் கணக்குக் காட்டியவர்களும் உண்டு. ஆனால் அது ரயில், பஸ் எல்லாம் திட்டமிட்டுப் போடுகிற ஊர். கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவன்று கல்லுக்கட்டியில் யார் நின்று யாரிடம் வசூலிப்பது?

நம்பர் பிளேட்டுக்கு நம் ஊரில் வேறு ஒரு உபயோகம் இருக்கிறது. போன வைகாசியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம், வீட்டிலேயே. சமையல் பாத்திரங்கள் ஏற்றிய வேன் தெருவுக்குள் நுழைய முடியாமல் ஒரு வெள்ளைக் கார் குறுக்கே நின்றது. மைக்கில் அறிவித்தார்கள்: "3636 எண்ணுள்ள வெள்ளை நிறக் காரின் உரிமையாளர் உடனே வரவும்." அயித்தான் பந்தியிலிருந்து இடது கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். முகப்பில் வந்து பார்த்தால், அங்கே நிற்கிறது அவருடையதுதான், ஆனால் ஒழுங்காகச் சுவரோரம் நிற்கிறது. வளவைக் கடந்து, சமையற்கட்டைக் கடந்து, பின்வாசலுக்குப் போனார். அங்கே அவர் மகன் ஓட்டி வந்த இன்னொரு 3636. சாவி மகனிடம். மகன் எங்கே என்று மைக்கில் இரண்டாவது அறிவிப்பு வந்தபோது, பாத்திர வேன் ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து அயித்தானின் இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்.