கருப்புத் திரைக்கும் எடிட்டருக்கும் நடுவே அலைய வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றின் பல வருட மழைக் கணக்கைப் பைதான் நிரல்மொழியில் அலசிப் பார்க்கிறேன். ஒரு வரி மாற்றினாலும் சேமித்து, கட்டளைகள் தட்டும் கருப்புத் திரைக்குப் போய், முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. மழைக் கணக்குக் கோப்பு ஏறவே ஒரு நிமிடம் ஆகிறது. நிரல் எழுத ஈமேக்ஸ் எடிட்டர் வைத்திருக்கிறேன். அதற்குள்ளேயே ஓட்டிப் பார்க்க முடியுமா?
— வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முடியும். பைதானை ஒருமுறை கிளப்பி, அணைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மழைக் கணக்கு நினைவகத்திலேயே இருக்கும். மாற்றிய துண்டை மட்டும் அனுப்பினால் போதும்.

நிரலைத் திறந்து கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு 3 அழுத்துங்கள். திரை இடம் வலமாகப் பிரியும். கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-பி அழுத்தினால் பைதான் கிளம்பும். விண்டோஸில் பலருக்கு இங்கேயே தடுக்கும்: பைதான் இல்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் நிறுவுங்கள் என்று செய்தி வரும். ஈமேக்ஸ் 'பைதான்3' என்ற பெயரைத் தேடுகிறது. அங்கே அந்தப் பெயரில் இருப்பது ஸ்டோருக்கு வழிகாட்டும் வெற்றுக் கோப்பு. ஆல்ட்-எக்ஸ் அழுத்தி, கஸ்டமைஸ்-வேரியபிள் என்று தட்டி, பைதான்-ஷெல்-இன்டர்ப்ரெட்டர் என்பதில் 3-ஐ நீக்கிவிட்டு 'அப்ளை அண்ட் சேவ்' கொடுங்கள்.

கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-சி முழுக் கோப்பையும் அனுப்பும். முதல் தடவைக்கு மட்டும் அது போதும். திரும்ப அழுத்தினால் திரும்பவும் ஒரு நிமிடம் காத்திருப்பீர்கள். அதன்பின் கர்சர் நிற்கும் ஃபங்ஷனை (பெயரிட்ட நிரல் துண்டை) மட்டும் அனுப்ப கண்ட்ரோல்-ஆல்ட்-எக்ஸ். தேர்ந்தெடுத்த வரிகளை அனுப்ப கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-ஆர்.

இதில் ஒரு பொறி உண்டு. ஃபங்ஷனின் பெயரை மாற்றினாலும் பழைய பெயரில் உள்ளது நினைவகத்தில் உயிரோடுதான் இருக்கும். அதை எங்கோ கூப்பிடும் வரி பிழை காட்டாமல் ஓடும். மறுநாள் புதிதாகக் கிளப்பும்போதுதான் உடையும். அதனால் வேலையை முடிக்குமுன் பைதான் பக்கத்தில் 'எக்ஸிட்()' கொடுத்து, மீண்டும் கிளப்பி, முழுக் கோப்பையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இன்னொன்று: வரிகளைக் கோப்பில் எழுதியே அனுப்புங்கள். பைதான் பக்கத்தில் நேரடியாகத் தட்டியவை கரண்ட் போனால் போனதுதான்.

கேள்வி: இதே முறையில் 'ஏற்காடு' என்ற சொல்லை அச்சிட்டால் யூனிகோட் பிழை வருகிறது. வேறொரு கணினியில் பிழை இல்லை. ஆனால் எழுத்துகளை எண்ணினால் 7 என்கிறது. 4 தானே?
— வாசகர், ஏற்காடு

பதில்: முதலாவதற்கு, விண்டோஸின் சூழல் மாறிகளில் (என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்) 'பைதான்யூடிஎஃப்8' என்று ஒன்றைச் சேர்த்து (பெயர் முழுவதும் பெரிய எழுத்தில்) மதிப்பு 1 கொடுத்து, ஈமேக்ஸை மூடித் திறங்கள். பைதான் 3.7-லிருந்து இது வேலை செய்யும். ஈமேக்ஸுக்குள் பைதான் ஓடும்போது எழுத்துகளைக் குறிக்கும் விண்டோஸின் பழைய குறிமுறையை எடுத்துக்கொள்கிறது. அதில் தமிழ் கிடையாது.

7 என்பது பிழையல்ல. ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி என யூனிகோட் 7 குறிகளாக வைத்திருக்கிறது. பைதானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பின் கேட்டகரி ஃபங்ஷனிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். புள்ளிக்கும் உயிர்க்குறிகளுக்கும் 'எம்' என்று தொடங்கும் விடை வரும். அவற்றை விட்டுவிட்டு எண்ணினால் 4. க்ஷ, ஸ்ரீ போன்றவை மட்டும் இரண்டாக எண்ணப்படும். அவற்றுக்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும்.