பெயரில் சோஷலிசம், நாஜிகளின் பொருளாதாரக் கொள்கை எது?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். நாஜிக் கட்சியின் பொருளாதாரச் சிந்தனை பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுத வேண்டும். 'தேசிய சோஷலிச ஜெர்மன் தொழிலாளர் கட்சி' என்று பெயரிலேயே சோஷலிசம் இருக்கிறதே, அவர்கள் இடதுசாரிகள்தான் என்கிறார் ஒரு நண்பர். முதலாளிகளின் கைப்பாவை என்கிறார் இன்னொருவர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்சியின் தொடக்ககாலப் பொருளாதாரச் சிந்தனையாளர் கோட்ஃபிரீட் ஃபெடரிடமிருந்து தொடங்குங்கள். படிப்பால் பொறியாளர், பொருளாதாரம் அவர் தாமாகக் கற்றது. 1919-இல் 'வட்டி அடிமைத்தனத்தை உடைப்போம்' என்று அறிக்கை வெளியிட்டார். அதே ஆண்டு மியூனிக்கில் அவர் உரையைக் கேட்ட ஹிட்லர் சொக்கிப்போனார். 1920 பிப்ரவரியில் கட்சி அறிவித்த 25 அம்சத் திட்டத்தில் அந்த முழக்கம் 11-ஆவது அம்சமானது.

மூலதனத்தில் இரண்டு வகை உண்டு என்றார் ஃபெடர்: ஆலை நடத்துவது 'படைக்கும் மூலதனம்', வட்டியில் கொழுப்பது 'பறிக்கும் மூலதனம்'. கேட்பதற்குப் பொருளாதாரம்போல் இருக்கும். ஆனால் கட்சி மேடையில் பறிப்பவன் என்றால் யூதன் என்றே பொருள். ஜெர்மானிய ஆலை அதிபருக்கு ஒரு கீறலும் விழவில்லை.

17-ஆவது அம்சத்தைப் பாருங்கள்: பொதுநலனுக்காக இழப்பீடின்றி நிலத்தைப் பறிக்கலாம் என்கிறது. 1926-இல் இந்தத் திட்டம் மாற்ற முடியாதது என்று அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1928 ஏப்ரலில், ஹிட்லரே அதற்கு விளக்கம் எழுதினார்: கட்சி தனிச்சொத்தை ஏற்கிறது, அந்த அம்சம் முதன்மையாக யூத நிலவணிக நிறுவனங்களைக் குறிவைத்தது. விவசாயிகளின் வாக்கு தேவைப்பட்டபோது பொருளாதாரம் வளைந்தது, வெறுப்பு வளையவில்லை.

ஆட்சிக்கு வந்தபின் 1933 மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றினார்கள். இடதுசாரி என்று சொல்லும் நண்பருக்கு இந்த ஒரு தேதி போதும். ஃபெடருக்கு அமைச்சகத்தில் ஒரு பதவி கிடைத்தது. 1934-இல் வங்கியாளர் ஷாக்ட் பொருளாதார அமைச்சரானதும் அதுவும் போயிற்று. ஆயுத உற்பத்திக்கு ஷாக்ட் பணம் திரட்டிய விதம் வேடிக்கையானது. 'மெஃபோ' என்ற பெயரளவு நிறுவனத்தின் பேரில் உண்டியல்கள், அதாவது பின்னர் பணம் தருவதாக உறுதி சொல்லும் கடன் சீட்டுகள், புழங்கின. மொத்தம் சுமார் 1,200 கோடி மார்க். அவற்றுக்கு 4 சதவீத வட்டி! வட்டியை ஒழிக்கப் புறப்பட்ட கட்சி இது.

இரண்டாம் நண்பர் சொல்வதும் பாதிதான் சரி. முதலாளிகள் லாபம் பார்த்தார்கள். ஆனால் 1936-இல் போருக்குத் தயாராகும் நான்காண்டுத் திட்டம் வந்தபின், எதை உற்பத்தி செய்வது என்பதில் அதன் பொறுப்பாளரான நாஜித் தலைவர் கோரிங்கின் கை ஓங்கியது. மறு ஆண்டே ஷாக்டும் அமைச்சர் பதவியை விட்டு விலகினார்.

11, 17-ஆவது அம்சங்களையும் 1928 விளக்கத்தையும் அருகருகே வைத்து முதல் பக்கத்தை எழுதிப் பாருங்கள்.