ரயில் கட்டணச் சலுகையும் கார்டு பாயின்ட்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 67 வயது, மனைவிக்கு 61. பேரனைப் பார்ப்பதற்காக உழவன் எக்ஸ்பிரஸில் அடிக்கடி சென்னை சென்று வருகிறோம். என்னிடம் உள்ள ஐ.ஆர்.சி.டி.சி. எஸ்.பி.ஐ. கிரெடிட் கார்டில் ரிவார்டு பாயின்ட்டுகள் சேர்ந்துள்ளன. அவற்றைக் கொண்டு டிக்கெட் எடுத்தால் மூத்த குடிமக்கள் சலுகை கிடைக்காமல் போய்விடுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அந்தச் சலுகை இப்போது நடைமுறையில் இல்லை. 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 சதவீதமும் அடிப்படைக் கட்டணத்தில் குறைக்கப்பட்டு வந்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தி வைக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் பலமுறை கேள்வி எழுந்தும் மீண்டும் வழங்கப்படவில்லை. முன்பதிவு செய்யும்போது ‘மூத்த குடிமக்கள்’ என்ற ஒதுக்கீடு இன்னமும் திரையில் தெரிவதால் சலுகை திரும்ப வந்துவிட்டதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது 60 வயது கடந்த ஆண்களும் 45 வயது கடந்த பெண்களும் தனியாகவோ இருவராகவோ பயணம் செய்யும்போது கீழ் பெர்த் தருவதற்கான ஒதுக்கீடு மட்டுமே. கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட அதனால் குறையாது. ஆனாலும் அதைத் தேர்ந்தெடுக்கத் தயங்காதீர்கள், முழங்கால் வலி உள்ளவருக்கு அதன் அருமை தெரியும்.

பாயின்ட் என்பது வேறு வகை. சலுகை கட்டணத்தைக் குறைக்கிறது. பாயின்ட், குறைந்ததோ முழுமையானதோ, அந்தக் கட்டணத்தைச் செலுத்தும் வழி. ஒரு பாயின்ட்டுக்கு ஒரு ரூபாய் என்பது கணக்கு. கார்டில் அச்சிட்டுள்ள லாயல்டி எண்ணை உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்குடன் முன்கூட்டியே இணைத்திருக்க வேண்டும். டிக்கெட் எடுக்கும் நேரத்தில் இணைக்க முற்பட்டால் பெர்த் கைநழுவிப் போகலாம். இந்த பாயின்ட்டுகள் இணையவழி முன்பதிவில்தான் செல்லும், ஸ்டேஷன் கவுன்ட்டரில் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கீழே மூன்றாவது கேள்விக்கான பதிலில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்கும்போது 10 சதவீதம் வரை பாயின்ட்டாகத் திரும்பக் கிடைக்கும் என்று விளம்பரப்படுத்தப்படுவது ஏ.சி. வகுப்புகளுக்குத்தான். ஸ்லீப்பரிலேயே சென்று வருபவர், கார்டுக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகையையும் ஓராண்டில் சேரும் பாயின்ட்டையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் கார்டு கொடுத்தவர் பக்கமே கனமாக இருக்கும்.

ஒரு தள்ளுபடியுடன் வேறொன்றைச் சேர்க்க முடியாத இடங்களும் உண்டு. 2025 பண்டிகைக் காலத்துக்காக, போகவரச் சேர்த்து எடுப்பவர்களுக்குத் திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம் குறைக்கும் திட்டத்தை ரயில்வே அறிவித்து, ஆகஸ்ட் 14 முதல் முன்பதிவைத் தொடங்கியது. அதில் வேறு எந்தத் தள்ளுபடியோ வவுச்சரோ பாஸோ சேர்க்கக் கூடாது என்றும், டிக்கெட்டுக்குப் பணம் திரும்பத் தரப்படாது என்றும் நிபந்தனை இருந்தது. இதுபோல் திட்டம் வரும்போது சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

கேள்வி: மயிலாடுதுறை – கோயம்புத்தூர் ஜன் சதாப்தியில் என் எட்டு வயது மகளுக்கு முழுக் கட்டணம் கேட்கிறார்கள். அரை டிக்கெட் இல்லையா? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: கேட்டது சரியே. 2016 ஏப்ரலுக்குப் பிறகு, 5 முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம்; பெர்த் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பாதி. ஆனால் ஜன் சதாப்தியைப் போல உட்கார்ந்து செல்லும் சேர் கார், செகண்ட் சிட்டிங் வகுப்புகளில் ‘இருக்கை வேண்டாம்’ என்ற வாய்ப்பே தரப்படுவதில்லை என்பதால் பாதிக் கட்டணத்துக்கு இடமில்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் அரை டிக்கெட் தொடர்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனி இடம் கேட்காதவரை டிக்கெட்டே தேவையில்லை.

கேள்வி: என் தாயாருக்குச் சென்னை அடையாற்றில் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறுகிறது. நீடாமங்கலத்தில் மன்னை எக்ஸ்பிரஸில் மூன்றடுக்கு ஏ.சி.யில் ஏறுவோம். என் கார்டில் உள்ள பாயின்ட்டையும் நோயாளிச் சலுகையையும் சேர்த்துப் பயன்படுத்த விரும்புகிறேன். இயலுமா? (வாசகர், நீடாமங்கலம்)

பதில்: சேர்த்துப் பயன்படுத்த இயலாது. ஆனால் சலுகை மட்டுமே உங்களுக்கு மிகுந்த பயன் தரும். சிகிச்சைக்காகவோ மறுபரிசோதனைக்காகவோ பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் விலக்கப்படுகிறது. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் குறையும். இரண்டடுக்கு ஏ.சி.க்கு மாறினால் நோயாளிக்கு 50 சதவீதம் மட்டுமே என்பதால், வசதி கருதி வகுப்பை உயர்த்தும் முன் யோசியுங்கள்.

சலுகை அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமே பொருந்தும். உதாரணமாக மூன்றடுக்கு ஏ.சி.யில் அடிப்படைக் கட்டணம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், துணைவருக்கு அது 125 ஆகும். அதன்மேல் முன்பதிவுக் கட்டணம் 40 ரூபாயும், இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். சூப்பர்பாஸ்ட் ரயிலாக இருந்தால் அதற்கான கட்டணமும் சேரும்.

பாயின்ட் ஏன் சேராது என்றால், நோயாளிச் சலுகை டிக்கெட்டை இணையத்தில் எடுக்க முடியாது. மருத்துவமனையில் ரயில்வேயின் உரிய படிவத்தில் சான்றிதழ் பெற்று, முத்திரையும் கையொப்பமும் தெளிவாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துக்கொண்டு, ரிசர்வேஷன் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். முத்திரை மங்கிய காகிதத்தைக் கவுன்ட்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டால், அதற்காக மட்டும் மறுபடியும் அடையாற்றுக்குப் போக நேரும். ரயிலில் ஏறியபின் டிடிஇயிடம் சான்றிதழைக் காட்டிச் சலுகை பெறும் வழி கிடையாது. தட்கலில் எந்தச் சலுகையும் இல்லை. ஆகவே அடுத்த பரிசோதனை நாளை மருத்துவர் குறித்துக் கொடுத்த உடனேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள். 60 நாட்கள் முன்னதாக முன்பதிவு தொடங்குகிறது.

டயாலிசிஸ், சிறுநீரக மாற்று, இதய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குச் செல்வோருக்கும் சலுகைகள் உள்ளன. ஒருவருக்கு ஒரே நேரத்தில் ஒரு சலுகையே. கார்டு பாயின்ட்டை, சான்றிதழ் தேவைப்படாத உங்களுடைய வேறு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரிக்குத் தினமும் சென்று வரும் என் மகளுக்கு, சீசன் டிக்கெட்டில் ஏதேனும் தள்ளுபடி உண்டா? இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: தள்ளுபடி என்ன, கட்டணமே இல்லை. பட்டப்படிப்பு வரை மாணவியருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாணவருக்கும், வீட்டிற்கும் கல்வி நிலையத்திற்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் டிக்கெட் இலவசமாகத் தரப்படுகிறது. கல்லூரி முதல்வரின் சான்றிதழுடன் ஸ்டேஷனுக்குச் செல்லுங்கள்.